பூட்டுத் திறந்த புறொசெசரும் மயிலிட்டிக் கனிசியஸும்

கனிசியஸ் கிழித்தார்.

ஒரே இழுவையில் தாள் இரண்டாகியது. இரண்டையும் சேர்த்துப் பிடித்து மறுபடி இழுத்தார். நான்காகியது. இன்னும் சிறிதாக்க நேரமில்லை. அதற்குள் அச்சு இயந்திரம் அடுத்ததை வெளியே தள்ளத் தொடங்கிவிட்டது.

“கெதியா அண்ணை, கெதியா. நேரம் ஓடுது” என்றான் கோபிசங்கர். சபையின் தகவல் தொழில்நுட்ப உத்தியோகத்தன். ஒரு கையில் ஸ்ரொப்வோச், மறு கையில் பாதி கடித்த ரோல்ஸ்.

கனிசியஸ் அடுத்ததை எட்டிப் பிடித்தார். தாள் சுடச்சுட இருந்தது. அதில் அவருடைய படம் இருந்தது. படத்துக்குக் கீழே மரியதாஸ் கனிசியஸ், மயிலிட்டி என்று இருந்தது. படகின் பெயர் அந்தோனியார் துணை. இந்த ஆண்டு முழுவதும் கடலில் இறங்கித் தொழில் செய்ய அனுமதி.

அந்தப் பத்திரத்தை வாங்கத்தான் அவர் இந்தக் கந்தோருக்கு வந்திருந்தார்.

அதையும் கிழித்தார்.

எப்படி இந்த நிலைக்கு வந்தார் என்று கேட்டால், வரிசையில் நின்றார், அவ்வளவுதான். அதைத் தவிர அவர் ஒரு பிழையும் செய்யவில்லை.

வடகரைச் சிறுபடகுகள் ஒழுங்குபடுத்தல், மேம்படுத்தல் மற்றும் நலன்பேண் சபையின் கந்தோர் காங்கேசன்துறையில் இருந்தது. பெயர்ப்பலகை கொஞ்சம் நீளம். அதை மாட்டுவதற்காகக் கடல்பக்கத்து யன்னலை அடைக்க வேண்டி வந்தது. அதனால் சபைக்குக் கடல் தெரியாது. சபை ஒழுங்குபடுத்தும் படகுகளும் தெரியா.

பத்திரம் இல்லாமல் படகு இறக்கினால் மயிலிட்டித் துறையில் நேவிக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கனிசியஸின் பழைய பத்திரம் முடிந்துவிட்டது. கடல் சீராகக் கிடக்கிற காலம். மனைவி கத்தரீனாவின் தம்பி ஜெரிசன்தான் படகில் இரண்டாவது ஆள். கோயில் பெருநாள் வரைக்கும் காத்திருப்பதாகவும், அதற்குப் பிறகு குருநகரில் வேறு படகுக்குப் போய்விடுவதாகவும் அவன் சொல்லிவிட்டான். அவன் போனால் படகு கரையில்தான். தனி ஆளாக அந்த வலையை இழுக்கிற வயதை கனிசியஸ் எப்போதோ தாண்டிவிட்டார்.

ஆகவே ஒருநாள் காலையில் வந்து வரிசையில் நின்றார். கவுண்டரில் பிரசாந்தி என்ற பெண்பிள்ளை அவருடைய விவரங்களை வாங்கி, பழைய கொம்பியூட்டரில் ஏதோ தட்டி, கொஞ்சம் பொறுங்கோ அண்ணை என்றாள்.

அந்தக் கொஞ்சத்துக்குள்தான் உள்கதவு திறந்தது.

வெளியே வந்தவர் சபைத் தலைவர் கனகரத்தினம். உடுப்பிட்டிக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் கதிரையிலிருந்து ஓய்வு பெறாதவர். பின்னால் கோபிசங்கர் இரண்டு புதிய கொம்பியூட்டர்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். தலைவர் வரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“ஒரு கொம்பியூட்டரைச் சாதாரண சனம் பாவிச்சுப் பாக்காமல் வாங்கிறது சனநாயகத்துக்கு விரோதம்” என்றார். “ஆனபடியால் எங்கடை கொமிற்றிக்கு ஒரு சாதாரண மனிசர் தேவை. உள்ளுக்கை இருக்கிற ஆக்களிலை தேடிப் பாத்தனாங்கள். ஒருத்தரும் சாதாரணமில்லை.”

வரிசையில் எல்லோரும் குனிந்துகொண்டார்கள். கனிசியஸ் மட்டும் நிமிர்ந்து நின்றார், குனிய விடாத நாரி நோவு. தலைவரின் விரல் அவரில் வந்து நின்றது.

இரண்டு பெட்டிகளுக்கும் என்ன வித்தியாசம் என்று கோபிசங்கர்தான் விளங்கப்படுத்தினான். புறொசெசர் என்பது கொம்பியூட்டரின் மூளை. ஒரு பெட்டியில் மலிவு மூளை. கொம்பனி சொன்ன வேகத்தில் ஓடும், அதற்கு மேல் ஓடாது, பூட்டுப் போட்டிருக்கிறது. மற்றதில் பூட்டுத் திறந்த மூளை. விலை கூட. வேண்டுமென்றால் கொம்பனி சொன்னதையும் தாண்டி முடுக்கலாம். அதற்கு ஓவர்குளொக் என்று பெயர். நாளாந்தக் கந்தோர் வேலைக்கு எது திறம் என்று கண்டுபிடிப்பதுதான் கொமிற்றியின் பணி.

கனிசியஸ் யோசித்துப் பார்த்தார். எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும் வலையைக் கையால்தானே இழுக்கவேண்டும் என்று மெல்லச் சொன்னார்.

தலைவரின் முகம் இறுகியது. சாதாரண மனிதருக்குக் கருத்து இருக்கக்கூடாது என்றும், கருத்து வந்த கணமே அவர் நிபுணராகிவிடுகிறார் என்றும், நிபுணர்களுக்கு வேறு கொமிற்றி இருக்கிறது என்றும் விளங்கப்படுத்தினார். கனிசியஸ் தன் கருத்தை வாபஸ் வாங்கினார். கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. ‘சாதாரண பாவனையாளர்’.

சோதனைக்கு ஒரு நாளாந்த வேலை வேண்டும். சபையின் நாளாந்த வேலை என்ன என்று தலைவர் கேட்டார். யாருக்கும் உடனே சொல்ல வரவில்லை. கடைசியில் கோபிசங்கர்தான் கவுண்டரில் தயாராகக் கிடந்த கனிசியஸின் விண்ணப்பத்தைக் கண்டான். அதையே இரண்டு பெட்டிகளிலும் மாறி மாறி அடித்துப் பார்க்கலாம். சோதனைத் தாள் வெளியே போனால் கள்ளப் பத்திரம் ஆகிவிடும் என்பதால் வந்த கையோடு கிழிக்கவேண்டும். கிழிக்கிற பொறுப்பு சாதாரண பாவனையாளருக்கு.

“அப்ப என்ரை பத்திரம்?” என்று கேட்டார் கனிசியஸ்.

“நீங்கள் இப்ப கொமிற்றி” என்றார் தலைவர். “கொமிற்றிக்காரர் ஒருத்தர் தான் சோதிக்கிற கொம்பியூட்டராலை நன்மை அடைஞ்சால் அதுக்குப் பேர் ஊழல். என்ரை மருமகனுக்கு இஞ்சை வேலை குடுக்கேக்கைகூட நான் வெளியிலை போய் நிண்டனான். அவ்வளவு சுத்தம். கொமிற்றி கலையட்டும், கலைஞ்ச அண்டைக்கே எடுக்கலாம்.”

கோபிசங்கர் ரோல்ஸைக் கடித்தபடி வேறு பக்கம் பார்த்தான். மருமகன் அவன்தான்.

அப்படித்தான் தொடங்கியது.

முதல் வாரத்தின் முடிவில் ஒரு விஷயம் தெரிந்தது. பூட்டுத் திறந்த மூளை ஒரு பத்திரத்தை மலிவு மூளையைவிட ஒரு வினாடி முன்னதாக முடித்தது. சபையில் இனிப்பு வழங்கப்பட்டது. அதன் பிறகுதான் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. மிச்சமாகிற அந்த வினாடியை என்ன செய்வது?

இது சின்னக் கேள்வி இல்லை. அரச நேரம் மிச்சமானால் அது அரச சொத்து. அதை உத்தியோகத்தர்கள் தங்கள் பாட்டுக்குச் செலவழிக்கக்கூடாது. மிச்ச வினாடிகளைப் பொறுப்பேற்க ஒரு உபகொமிற்றி போடப்பட்டது. உபகொமிற்றி காலையில் கூடி, மத்தியானம் சாப்பிட்டு, பின்னேரம் கலைந்தது. அன்று சபையில் வேறு வேலை நடக்கவில்லை. மறுநாள் தலைவர் அறிக்கை வாசித்தார்.

“ஒரு வினாடியின்ரை பெறுமதியை நாங்கள் ஒரு முழு நாளாய் ஆராய்ஞ்சிருக்கிறம். நேரத்தை இந்தச் சபையைப்போலை மதிக்கிற சபை இந்தக் குடாநாட்டிலை வேறை இல்லை.”

கைதட்டினார்கள். கனிசியஸும் தட்டினார். கையில் கடதாசித் தூள் ஒட்டியிருந்தது.

இரண்டாவது கட்டம் முடுக்குவது. பூட்டுத் திறந்த மூளையை வாங்கிவிட்டு முடுக்காமல் பார்த்தால் அது ஒப்பீடே இல்லை என்றான் கோபிசங்கர். சபை நல்ல நேரம் பார்த்தது. பெட்டிக்குச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, தேங்காய் உடைத்தார்கள். தேங்காய்த் தண்ணீர் உள்ளே போகாமல் பெட்டியின் பொலித்தீன் உறையைக் கழற்றாமலே வைத்திருந்தார்கள். கரையோரத்துச் சனம் வேதக்காரர் என்பது தலைவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. சமநிலை பேணவேண்டும்.

“கனிசியஸ், உதுக்கு ஒரு சிலுவை போட்டுவிடும்” என்றார்.

கனிசியஸ் சிலுவை போட்டார். புதுப் படகுக்குக்கூடச் சுவாமியார்தான் வந்து போடுவார். இதற்கு அவரே போட்டார். பிறகு வெளியே போய் முகத்தைக் கழுவினார்.

முடுக்கினார்கள். உறைக்குள் இருந்த பெட்டி சூடாகியது. யாரும் உறையைக் கழற்றச் சொல்லவில்லை. உத்தரவாதக் காலம் முடியும்வரை புதுச் சாமானின் உறையைக் கழற்றுவதில்லை என்பது எழுதாத சட்டம். அதற்குப் பதிலாகக் கவுண்டருக்கு மேலே சுழன்ற மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு வந்து பெட்டிக்கு முன்னால் நிறுத்தினார்கள். வரிசையில் நின்ற சனம் விண்ணப்பத்தால் விசிறிக்கொண்டது. அதுவும் போதவில்லை. கந்தோரில் ஒரேயொரு ஏசி தலைவரின் அறையில் இருந்தது. பெட்டி தலைவரின் அறைக்குப் போயிற்று. தலைவர் கூட்டத்தில் இருக்கும்போது கதவு பூட்டு. கூட்டம் இல்லாதபோது தலைவர் இல்லை, அப்போதும் பூட்டு.

ஆகவே அதிவேகப் பெட்டியில் ஒரு பத்திரம் அடிக்கச் சராசரியாக இரண்டு நாள் பிடித்தது. மலிவுப் பெட்டி கவுண்டரில் இருந்து சொன்ன வேகத்தில் அடித்துத் தள்ளியது.

கோபிசங்கர் இரண்டையும் குறித்துக்கொண்டான். அறையின் கதவு புறொசெசரில் சேராது என்று அடிக்குறிப்பும் போட்டான்.

இதற்கிடையில் கனிசியஸ் மேல் ஒரு குற்றச்சாட்டு வந்தது. அவர் வரவர வேகமாகக் கிழிக்கிறார். முதலில் இரண்டு கையாலும் தடுமாறிக் கிழித்தவர் இப்போது பார்க்காமலே ஒரு திருகலில் முடித்துவிடுகிறார். இது சாதாரணம் இல்லை, தேர்ச்சி. அளவுகள் பிழைக்கும். தலைவர் அவரைக் கூப்பிட்டு எச்சரித்தார். அன்றிலிருந்து கனிசியஸ் ஒவ்வொரு தாளையும் முதல்முறை பார்ப்பவரைப் போலப் பார்த்து, ஒருகணம் தயங்கி, பிறகு கிழிக்கப் பழகினார். கோபிசங்கர் அந்தத் தயக்கத்துக்கும் அட்டவணையில் ஒரு நிரல் போட்டான்.

தயங்கும்போது தாளில் தன் முகத்தைப் பார்ப்பார். தொடக்கத்தில் ஏதோ செய்தது. நெஞ்சுக்குள் ஒரு இழுவை, வலை கல்லில் மாட்டுப்பட்டதுபோல. பிறகு அதுவும் இல்லை. தாளில் இருந்தவர் வேறு யாரோ ஒரு மயிலிட்டிக்காரர். அவருக்குப் பத்திரம் கிடைத்துக்கொண்டே இருந்தது. கொடுத்து வைத்தவர்.

வீட்டில் கத்தரீனாதான் முதலில் கவனித்தாள். பங்குக் கோயிலிலிருந்து வந்த பெருநாள் அறிவித்தலை அவரிடம் கொடுத்தாள். வாங்கினார். ஒருகணம் பார்த்தார். நான்காகக் கிழித்துக் குப்பைவாளியில் போட்டார்.

“இஞ்சரப்பா, என்ன செய்யிறியள்?”

“என்ன?”

“பூசை நேரம் பாக்கத் தந்தனான்.”

கனிசியஸ் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். “பரவாயில்லை. அடுத்தது வரும்” என்றார்.

கத்தரீனா அதற்குப் பிறகு அவர் கையில் தாள் எதுவும் கொடுக்கவில்லை. மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பேரப்பிள்ளையின் படத்தை எட்ட நின்று காட்டிவிட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அவர் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார். போடாவிட்டால் இருந்தார். கடல் எப்படி என்று யாராவது கேட்டால், யன்னல் அடைச்சிருக்கு, தெரியேல்லை என்றார்.

ஜெரிசன் ஒருநாள் பின்னேரம் வந்து அவருக்கு முன்னால் குந்தினான்.

“அத்தான், பெருநாள் வருது.”

“ஓம்.”

“குருநகரிலை கேட்டுக்கொண்டிருக்கிறாங்கள். நான் என்ன சொல்ல?”

கனிசியஸ் அவனைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். ஜெரிசனுக்குப் பயம் வந்துவிட்டது. தன்னையும் கிழித்துவிடுவாரோ என்று நினைத்தவன்போலக் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்தான்.

“கொமிற்றி வெள்ளிக்கிழமை கலையுது” என்றார் கனிசியஸ். “கலைஞ்ச கையோடை எடுக்கலாமெண்டு தலைவர் வாயாலை சொன்னவர். சனிக்கிழமை இறக்குவம்.”

பல நாட்களுக்குப் பிறகு அவர் பேசிய நீளமான கதை அதுதான். பெருநாள் ஞாயிற்றுக்கிழமை. ஜெரிசன் தலையாட்டினான். அன்றே போய் வலையைத் தட்டிச் சரிபார்த்தான்.

வெள்ளிக்கிழமை இறுதிக் கூட்டம். பற்றிஸ், கேக், பிளேன்ரீ. தலைவர் எழுந்தார். முடிவை அறிய எல்லோரும் காத்திருந்தார்கள். கனிசியஸ் கூட்டம் முடிவதற்குக் காத்திருந்தார்.

“சபையோரே” என்றார் தலைவர். “மலிவுப் புறொசெசர் ஒரு பத்திரத்தை நாலு வினாடியிலை முடிக்குது. மற்றது மூண்டு வினாடியிலை. முடுக்கினால் இன்னும் கெதி. ஆனால் அந்தப் பத்திரம் கையெழுத்துக்கு என்ரை மேசைக்கு வந்தால் மூண்டு கிழமை கிடக்கும். இது என்ரை பிழை இல்லை. பதவிக்கு ஒரு கனம் இருக்கு. கனமான சாமான் கெதியா அசையாது. ஆகவே நாளாந்தச் செயல்திறனிலை இரண்டு பெட்டியும் சமம்.”

கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

“அப்ப மலிவையே வாங்கலாமே எண்டு நீங்கள் நினைப்பியள். அங்கைதான் ஆராய்ச்சி வேணும். ஒரு கொம்பியூட்டர் எங்களைவிடக் கெதியா வேலை செய்தால் சனம் என்ன நினைக்கும்? பத்திரம் அடிச்சாச்சு, தலைவர்தான் வைச்சிருக்கிறார் எண்டு நினைக்கும். இதாலை நிருவாகத்துக்கு அவப்பேர். மலிவுப் புறொசெசருக்குப் பூட்டுப் போட்டிருக்கு, அதின்ரை வேகத்தை எங்களாலை ஒண்டும் செய்யேலாது. பூட்டுத் திறந்ததை முடுக்கவும் ஏலும், இறக்கவும் ஏலும். மருமகன் என்னட்டை உறுதியாச் சொன்னவர். ஆகவே விலை கூடினதையே வாங்கி, சபையின்ரை வேகத்துக்கு இறக்கி வைக்கிறதெண்டு தீர்மானிச்சிருக்கிறம்.”

கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் எடுத்தது. பிறகு தலைவர் கனிசியஸை முன்னுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். இவ்வளவு காலம் ஒரு மாற்றமும் இல்லாமல் சாதாரணமாகவே இருந்ததற்காகப் பாராட்டினார். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினார். கொமிற்றி கலைந்தது.

கனிசியஸ் நேரே கவுண்டருக்குப் போனார். பொன்னாடை தோளிலேயே கிடந்தது. வெளியே ஜெரிசன் மோட்டார்சைக்கிளில் இருந்தான். மண்ணெண்ணெய்க் கான் பின்னால் கட்டியிருந்தது, நிரப்பி.

கந்தோர் வெறுமையாகிக்கொண்டு வந்தது. பிரசாந்தி தன் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தாள். அவரைக் கண்டதும் திரும்ப இருந்தாள்.

“இப்ப நான் கொமிற்றி இல்லைப் பிள்ளை. என்ரை பத்திரத்தைத் தாரும்.”

அவள் பழைய கொம்பியூட்டரில் தட்டினாள். திரையைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

“உங்களுக்குக் குடுத்தாச்செண்டு கிடக்கு அண்ணை.”

“ஆர் குடுத்தது?”

“சபை.”

கனிசியஸ் கோபப்படவில்லை. கோபம் இருந்த இடத்தைத் தேடினார், அங்கே ஒன்றும் இல்லை. தனக்கு ஒருவரும் ஒன்றும் தரவில்லை என்று மட்டும் சொன்னார். ஒரு படகுக்கு ஆண்டுக்கு ஒரு பத்திரம்தான் என்றாள் அவள். தொலைந்திருந்தால் பொலிசில் முறைப்பாடு வைத்து மாற்றுப் பத்திரம் எடுக்கலாம்.

“அப்ப துலைஞ்சுபோச்செண்டு எழுதும்.”

“ஏலாது அண்ணை. துலையேல்லை. அழிச்சதெண்டு பதிஞ்சிருக்கு. அரச பத்திரத்தை வேணுமெண்டு அழிச்சவைக்கு அடுத்த வருசம்தான் திரும்பக் கேக்கலாம்.”

வெளியே ஜெரிசன் ஒருமுறை கோர்ன் அடித்தான்.

“ஆர் பிள்ளை அழிச்சது?”

பிரசாந்தி உள்கதவைப் பார்த்தாள். பூட்டியிருந்தது. ஆனாலும் குரலைத் தாழ்த்தினாள்.

“சோதனை முடியுமட்டும் கொமிற்றி ஆக்களோடை இதைப் பற்றிக் கதைக்கப்படாதெண்டு எனக்கு ஓடர். இப்ப நீங்கள் கொமிற்றி இல்லைத்தானே, அதாலை சொல்லுறன். நீங்கள் வரிசையிலை வந்து நிண்ட அண்டைக்கே உங்கடை பத்திரம் பாசாகிட்டுது. தலைவர் எப்பவோ கையெழுத்து வைச்சு, சீல் குத்தி மிஞ்சிக் கிடந்த தாளை நான்தான் பிறின்றருக்குள்ளை வைச்சனான். அதுக்குள்ளை அவை தள்ளுவண்டியோடை வந்திட்டினம். பிறகு அடிச்சதெல்லாம் வெறும் தாள் அண்ணை. கோபிசங்கர் கெதியா, கெதியா எண்டு சொல்ல, நீங்கள் முதல் முதலாய்க் கிழிச்சியளே, அதுதான் உங்கடை பத்திரம்.”